ஷிஃப்ட்டுக்கு மூணு நேரம், டாக்டருக்கு ஒரே நேரமா? வல்லம் வடகாலில் ராத்திரி உடம்பு முடியலைன்னா எங்க போறது?

ராத்திரி ஒன்றரை மணி. செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு, கம்பெனி பஸ்ல வந்து இறங்கி, ரூம்ல எல்லாரும் தூங்கியாச்சு. உங்களுக்கு மட்டும் தூக்கம் வரலை. சாயங்காலம் லேசா ஆரம்பிச்ச வயிற்று வலி இப்போ வாந்தி, காய்ச்சல்னு வந்து நிக்குது. ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு போன் பண்ணினா பயந்துடுவாங்க. வார்டனை எழுப்பலாமா, விடியட்டும்னு விட்டுடலாமா?

உங்களை அந்த இடத்துல வெச்சுப் பாருங்க. மெடிக்கல் ஷாப் ஷட்டர் இறக்கியாச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி நர்ஸ் இருப்பாங்க. ஆனா அந்த ராத்திரி டூட்டி முக்கியமா பிரசவத்துக்காக ஏற்படுத்தினது. இஎஸ்ஐ மருந்தகம் மூடியிருக்கும். தனியார் மருத்துவமனைன்னா முதல்ல அட்வான்ஸ் கட்டச் சொல்வாங்களோன்னு பயம். கடைசியில மிஞ்சுறது ஒரே கதவுதான்: அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் நீளும் இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் இது ஒருத்தரோட பிரச்னை இல்லை. சுங்குவார்சத்திரத்தில் போன் அசெம்பிள் பண்றாங்க. ஒரகடத்தில் காரும் லாரியும் தயாராகுது. வல்லம் வடகால் சிப்காட்டில் புல்லட் தயாராகுது. இதை நீங்க படிக்கிற போன்கூட இங்கே தயாரானதா இருக்கலாம். மெஷின் 24 மணி நேரமும் ஓடுது. ஆனா சாதாரண வைத்தியம் பகல் நேரத்துலதான் கிடைக்குது. அந்த இடைவெளியை ராத்திரி முழுக்கத் தாங்குறது எமர்ஜென்சி வார்டு.

ஒரே வாசல், மூணு கூட்டம்

எமர்ஜென்சி வார்டு கூட்டத்தை மூணா பிரிக்கலாம். முதலாவது, விபத்து. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையும், ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள் கோயில் சாலையும் கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், பைக் எல்லாம் ஒண்ணா ஓடுற ரோடுகள். இரண்டாவது, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், பக்கவாதம், விஷக்கடி மாதிரி உடனே பார்க்க வேண்டிய நோய்கள். மூணாவது, பகல்லயே புறநோயாளிப் பிரிவில் பார்த்து முடிச்சிருக்க வேண்டிய காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காது வலி, சிறுநீர்த் தொற்று.

தமிழக அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைக்கென கொண்டுவரப்பட்ட 'டேய்' திட்டத்தின்படி, வர்றவங்களை சிவப்பு, மஞ்சள், பச்சைனு பிரிப்பாங்க. உயிருக்கு ஆபத்துன்னா சிவப்பு, உடனே சிகிச்சை. காய்ச்சல்னா பச்சை, காத்திருக்கணும். "நாங்க முன்னாடியே வந்தோம், அவரை மட்டும் ஏன் உள்ளே அனுப்புறீங்க?"னு வாசல்ல நடக்கிற சண்டையில பாதி இந்த வரிசை புரியாததால வர்றது. எமர்ஜென்சியில முதல்ல வந்தவருக்கு முதல்லனு கிடையாது. முதல்ல சாகக்கூடியவருக்குத்தான் முதல்ல.

ஆனா பச்சை வரிசை ரொம்ப நீண்டா, சிவப்பு வரிசையும் அடி வாங்கும். அதே டாக்டர், அதே நர்ஸ், அதே ஸ்ட்ரெச்சர்தானே? விபத்தைக் குறைக்க ரோட்டை மாத்தணும், காலம் ஆகும். மூணாவது கூட்டத்தைக் குறைக்கிறது அப்படி இல்லை. அதுக்குத் தேவை நேர மாற்றம் மட்டும்தான்.

"பகல்லயே போயிருக்கலாமே?"

கேட்கிறது சுலபம். ஆனா பகல் ஷிஃப்ட்ல இருக்கிறவருக்கு ஓபி நேரமும் வேலை நேரமும் ஒண்ணு. லீவு போட்டா ஒரு நாள் சம்பளம், சில இடங்கள்ல வருகைக்கான ஊக்கத்தொகையும் சேர்ந்து போகும். ராத்திரி ஷிஃப்ட்காரருக்கு ஓபி நேரம்தான் தூங்குற நேரம். அதனால ஒரு பாரசிட்டமாலைப் போட்டுட்டு ஷிஃப்ட்டை முடிப்போம்னு தள்ளிப்போடுறாங்க. காலையில சாதாரண ஜுரமா இருந்தது, ராத்திரி நடுக்கத்தோட எமர்ஜென்சி வாசலுக்கு வருது. இது சோம்பேறித்தனம் இல்லை, சம்பளக் கணக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கு. மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குறவங்களுக்கு இஎஸ்ஐ உண்டு. தொழிலாளி 0.75 சதவிகிதம், நிறுவனம் 3.25 சதவிகிதம் கட்டணும். 15,000 ரூபாய் சம்பளம்னா ரெண்டும் சேர்த்து மாசம் சுமார் 600 ரூபாய், வருஷத்துக்கு 7,200. ஒரு ஹாஸ்டலில் ஆயிரம் பேர் இருந்தா, அவங்க பேரில் வருஷத்துக்கு 72 லட்சம் ரூபாய் போகுது. இந்தப் பணத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்துல ஒரு டாக்டரைக் கேட்கிறது பேராசையா?

ஹூண்டாய் தொழிற்சாலை இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியைத் தொடங்கினது 1998-ல். ஸ்ரீபெரும்புதூர் பகுதிக்கு 100 படுக்கைகள் கொண்ட இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினது 2022-ல். கார் வந்து 24 வருஷம் கழிச்சுதான் கட்டில் வந்து சேர ஆரம்பிச்சிருக்கு.

கணக்குல வராத ஊர்

சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்கிறது நம்ம நாட்டு அளவுகோல். அந்த 30,000 பேரை எப்படி எண்ணுறாங்க? மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வெச்சு. நாம கடைசியா எண்ணி முடிச்சது 2011-ல். அடுத்தது 2027-ல்.

இதுக்கு நடுவுல வல்லம் வடகாலில் என்ன நடந்துச்சு? 2017-ல் ராயல் என்ஃபீல்டு ஆலை உற்பத்தியைத் தொடங்குச்சு. 2024 ஆகஸ்ட் 17-ம் தேதி முதல்வர் ஸ்டாலின், ஃபாக்ஸ்கான் ஊழியர்களுக்காக சிப்காட் கட்டின பெண்கள் குடியிருப்பைத் திறந்து வெச்சார். 706.50 கோடி ரூபாய் செலவு, 20 ஏக்கர், 18,720 படுக்கைகள். அதாவது ஒரு பேரூராட்சி அளவுக்கு மக்கள் ஒரே காம்பவுண்டுக்குள்ள. 2011 கணக்குல இந்த ஊரே கிடையாது. சுத்துப்பட்டு வாடகை ரூம்களில் இருக்கிற ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பசங்களும் கிடையாது. அவங்க ரேஷன் கார்டு ஒரு ஊர்ல, உடம்பு வேற ஊர்ல.

இதுல ஒரு வேடிக்கை. 2023 ஜூனில் தமிழக அரசு நகர்ப்புறங்களில் 500 நல வாழ்வு மையங்களைத் திறந்தது. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 மணி வரை ஓபி. வேலைக்குப் போறவங்களை மனசுல வெச்சு யோசிச்ச நல்ல நேரம். ஆனா அது நகரத்துக்கு. வல்லம் வடகால் அரசு ஏட்டுல இன்னும் கிராமம். வேலை நகரத்து வேகத்துல, வைத்தியம் கிராமத்து நேரத்துல.

2021 டிசம்பர் சொன்ன பாடம்

இதெல்லாம் கற்பனை பயம் இல்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் இருந்த ஃபாக்ஸ்கான் ஊழியர்கள் விடுதியில் உணவு ஒவ்வாமை ஏற்பட்டுச்சு. 250-க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை எடுத்தாங்க, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாங்க. தோழி எந்த மருத்துவமனையில, எப்படி இருக்காங்கன்னு உறுதியா தெரியாத நிலைமையில, சிலர் இறந்துட்டாங்கன்னு வதந்தி பரவுச்சு. பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தாங்க. யாரும் இறக்கலைன்னு அதிகாரிகள் விளக்கினாங்க. அதுக்கப்புறம் ஆப்பிள் நிறுவனமே, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லைனு ஒப்புக்கிச்சு. ஆலை மறுபடி இயங்கினது 2022 ஜனவரியில்.

விடுதியில கெட்டுப்போன ஒருவேளை சாப்பாடு, நேரா எமர்ஜென்சி வார்டுல போய் நிக்கும்கிறதுதான் அந்தச் சம்பவம். நடுவுல தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை.

சட்டம் இதுல பாதி வழிதான் வருது. 500 பேருக்கு மேல வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவ ஊழியர்களோட ஓர் ஆம்புலன்ஸ் அறை இருக்கணும், ஆலை இயங்குற நேரமெல்லாம் அது தயாரா இருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லியாச்சு. கேட்டுக்குள்ள மயங்கி விழுந்தா ஸ்ட்ரெச்சர் வரும். அதே பெண் எட்டு மணி நேரம் கழிச்சு ஹாஸ்டல் படியில மயங்கி விழுந்தா? அது தொழிற்சாலை இல்லையே!

என்னதான் வழி?

சிங்கப்பூரைப் பாருங்க. அங்கே விடுதிகளில் தங்கி வேலை செய்றவங்களில் நம்மூர்க்காரங்க நிறைய. 2020-ல் கொரோனா அந்த விடுதிகளைப் புரட்டிப் போட்டப்போதான், விடுதிக்குப் பக்கத்துல டாக்டர் இல்லைன்னா ஊருக்கே ஆபத்துனு அந்த நாட்டுக்கு உறைச்சது. 2022 ஏப்ரல் முதல், விடுதித் தொழிலாளர்களுக்கு அடிப்படை மருத்துவத் திட்டத்தை முதலாளிகள் வாங்கித் தர்றது கட்டாயம். தங்குற இடங்களை மண்டலமா பிரிச்சு மருத்துவ மையங்களும் வெச்சாங்க. அதுக்கு ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டுச்சு. நமக்கும் அப்படி ஒண்ணு வரணுமா?

இங்கே பெரிய கட்டடம் எதுவும் கேட்கலை. நகரத்துக்குக் கொடுத்த மாலை நேர ஓபி-யை சிப்காட் பகுதிகளுக்கும் கொடுக்கலாம். ஷிஃப்ட் மாறுற நேரத்தைப் பார்த்து நேரம் வைக்கலாம். ஆயிரக்கணக்கில் பெண்கள் தங்குற விடுதியில் ராத்திரி ஒரு நர்ஸும், போனில் ஒரு டாக்டரும், ஒரு வண்டியும் கட்டாயம்னு விதி போடலாம். இஎஸ்ஐ மருத்துவமனையில 24 மணி நேர அவசரப் பிரிவு முதல் நாள்லேருந்தே இருக்கணும். மருத்துவச் சீட்டோட அரை நாள் போனா சம்பளம் பிடிக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்கு அரசுப் பணம் ஒரு பைசா வேண்டாம். ஹெச்ஆர் மனசு வெச்சா போதும்.

இப்போதைக்கு இதை போன்ல சேவ் பண்ணிக்கோங்க

* நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், முகம் கோணுறது, ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு, வலிப்பு, மயக்கம், நிற்காத ரத்தப்போக்கு: விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 108. இலவசம்.
* எமர்ஜென்சிக்குப் போகணுமா, காலை வரை தாங்குமான்னு குழப்பமா? 104 மருத்துவ ஆலோசனை எண்.
* விபத்துன்னா முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும். வெளிமாநில நண்பருக்கும் உண்டு, அவருக்குச் சொல்லுங்க.
* அவசரத்தில் எந்த மருத்துவமனையும் முதலுதவி தராமல் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கு.
* இஎஸ்ஐ எண், அட்டையை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கான்ட்ராக்ட் ஊழியருக்கும் உண்டு. அவசரத்தில் பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தா, நிர்ணயிச்ச விகிதத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பில், டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைச்சுடாதீங்க.
* ரூம் மேட் ஒருத்தருக்காவது உங்க ரத்த வகை, அலர்ஜி, வீட்டு நம்பர் தெரிஞ்சிருக்கட்டும்.

கடைசி விஷயம்தான் ரொம்ப முக்கியம். வீட்டை விட்டு வந்த ஊர்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு முதல் ஆம்புலன்ஸ் பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவங்கதான். ஆனா ஒரு 20 வயசுப் பொண்ணோட தூக்கத்தை நம்பியே 18,720 பேர் இருக்கிற ஊரோட ராத்திரி வைத்தியம் ஓடக் கூடாது.