முதுகு தேய்ந்தவருக்கு மெடிக்ளெய்ம் உண்டா?

நூறு கிலோ சர்க்கரை மூட்டையை, ஆள் வரும்வரை காத்திராமல் நாமே புரட்டித் தள்ளிய காலம் உண்டு. பிறகு நாள் முழுக்கக் கல்லாவில் குனிந்து உட்காரும் வேலை. இரண்டுக்கும் சேர்த்து இப்போது முதுகு வட்டி கேட்கிறது. தண்டுவட ஜவ்வு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் எழுதிவிட்டார்கள். நம் கடைவீதியில் இடுப்பு பெல்ட் கட்டாத மொத்த வியாபாரிகள் குறைவு.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு கம்பெனியில் மெடிக்ளெய்ம் கேட்டு விண்ணப்பித்தோம். உள்ளதை உள்ளபடி எழுதினோம். மறுத்துவிட்டார்கள். ஏஜெண்ட், "முதலாளி, முதுகு விஷயத்தை ஏன் எழுதினீங்க?" என்று நம்மையே கடிந்துகொண்டார். அவர் பேச்சைக் கேட்ட பக்கத்து மண்டிக்காரர் எழுதாமலே பாலிசி வாங்கினார். டிஸ்க் ஆபரேஷனுக்குரிய இரண்டு வருடக் காத்திருப்பு முடியட்டும் என்று வலியைப் பொறுத்து, 27-ஆம் மாதம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பழைய டாக்டர் சீட்டு ஒன்று அகப்பட்டது. கிளெய்மும் போயிற்று, பாலிசியும் ரத்து. ஆபரேஷன் செலவுக்காக ஒரு லோடு மிளகாயை அடக்க விலைக்கே தள்ளிவிட்டார், பாவம்.

2024 ஏப்ரல் முதல் விதிகள் சற்றுத் தளர்ந்துள்ளன. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்பு 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 மாதமாயிற்று. தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், மோசடி நிரூபணமானால் தவிர, மறைத்தார் என்று கிளெய்மை மறுக்க முடியாது. 65 வயது கடந்தவர்களுக்கும் திட்டம் வைத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் திட்டம் வைத்திருப்பது வேறு, தேய்ந்த முதுகுக்குத் தருவது வேறு. பிரீமியத்தைக் கூட்டலாம், விண்ணப்பத்தையே திருப்பியும் அனுப்பலாம்.

ஆகவே நம் சங்கமே குரூப் பாலிசி எடுக்க வேண்டும் என்பது நம் கருத்து. அதில் பழைய நோயை முதல் நாளிலிருந்தே சேர்க்கும்படி பேசி முடிக்கலாம். பேரம் நமக்குத் தெரியாததா? ஜி.எஸ்.டி. உண்டு, பிரீமியமும் சற்றுக் கூடும். இளைய வியாபாரிகள், "எங்களுக்கு எதற்கு?" என்பார்கள். அவர்கள் சேராமல் முதுகுவலிக்காரர்கள் மட்டும் சேர்ந்தால் எந்தக் கம்பெனியும் கட்டுப்படியான விலை சொல்லாது. அவர்களும் இன்று மூட்டை புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.