நித்தியப் பிரயாணிகளுக்கு

பிரயாணம் என்றால் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய்வருவதுதான் என்று நம் பாட்டனார்கள் எண்ணியிருந்தார்கள். கடம்பத்தூர்வாசிகளில் பலருக்கோ அது பல் துலக்குவதைப் போன்ற நித்திய கர்மமாகிவிட்டது. சென்னைக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்பிவர அவ்வளவே. வருஷத்தில் 300 நாள் இப்படிப் போய்வருகிறவர் 600 மணி நேரத்தை, அதாவது இரவும் பகலுமாக 25 முழு நாட்களை, ரயிலிலேயே கழிக்கிறார். இருபத்தைந்து நாள் ஓரிடத்தில் தங்க நேர்ந்தால், அங்கே சௌக்கியமாக இருக்க வழி தேடமாட்டோமா?

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் பிரயாணிகள் ரயில் ஓடியது இந்த மார்க்கத்தில்தான். 1917-ல் மகாத்மா காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த அநுபவத்தை எழுதியிருக்கிறார். 22 பேருக்கென்று குறித்திருந்த வண்டியில் 35 பேருக்கு மேல் ஏறினார்களாம்; வழி நெடுக ஒரு தடவைகூட அது பெருக்கப்படவில்லையாம். அவர் ரயில்வே நிர்வாகத்தைக் கண்டித்தார். பிரயாணிகளின் அசுத்தப் பழக்கங்களையும் கண்டித்தார். ஆனால் பக்கத்தில் நெருக்கியவரோடு சண்டைக்குப் போகவில்லை. கோபத்தை உரிய இடத்தில் செலுத்துவது மனச்சாந்திக்கு முதற்படி. நெரிசலுக்குக் காரணம் நம் தோளில் இடிப்பவர் அல்லர்; அவரும் நம்மைப் போல் நசுங்குகிறவரே. வண்டிகள் போதாவிட்டால் பலர் சேர்ந்து நிர்வாகத்துக்கு விண்ணப்பம் எழுதலாம். அயலாரோடு வாதாடினால் இடம் ஓர் அங்குலமும் விரியாது. ரத்தக் கொதிப்புத்தான் ஏறும்.

அடுத்த சத்துரு அவசரம். அடுத்த வண்டியில் போனால் மேலதிகாரியின் முகம் சுளிக்கும், அவ்வளவுதான். ஓடும் வண்டியில் தொற்றுவதும், தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பதும், படியில் தொங்குவதும் குடும்பத்தையே நிர்க்கதியாக்கிவிடும். கால் மணி முன்னதாக எழுந்திருப்பதே இதற்கு மருந்து. அதற்கு முந்திய இரவு நேரத்தோடு படுக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மின்சார ரயிலில் கழிப்பறை இல்லையே என்று காலையில் தண்ணீரே அருந்தாமல் புறப்படும் பெண்மணிகள் உண்டு. இது கூடாது. நீர்க்கடுப்புக்கும் தலைவலிக்கும் இதுவே வாசல். எழுந்தவுடன் நீர் அருந்தி, புறப்படுமுன் கழிப்பறைக்குப் போய்வந்து, காய்ச்சி ஆறவைத்த நீரைக் கையோடு கொண்டுபோவது நலம். வழியில் திறந்து வைத்து விற்கும் பண்டங்களை விலக்குக. பேதி கண்டால், ஒரு லிட்டர் சுத்த நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவில் கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாக அருந்திக்கொண்டு வைத்தியரிடம் போகவேண்டும். நெடு நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் குதிகாலை உயர்த்தித் தாழ்த்தினால் கால் வீங்காது. மனம் படபடத்தால், இழுத்த மூச்சை இன்னும் மெதுவாக விடுக. சில நிமிஷங்களில் நெஞ்சு அடங்கும்.

வீட்டில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. பிரயாணம் முடிந்து வருகிறவர், ஆணாயினும் பெண்ணாயினும், செருப்பைக் கழற்றுமுன் மளிகைக் கணக்கைத் தொடங்க வேண்டாம். முகம் கழுவி ஒரு டம்ளர் மோர் குடிக்கும் வரையில் எந்தக் கணக்கும் காத்திருக்கும்.