கரடி மனையும் ஒரு தீவின் கழகமும்

ஆய்வுக்காக மைசூரு வந்த புதிதில் ‘கரடி மனை’ என்ற சொல் என்னைத் திகைக்க வைத்தது. தமிழ்க் காதுக்குக் கரடி விலங்கு. கன்னடத்தில் அது மல்லர் பயிலும் கூடம். தாழ்ந்த வாயில், குழைத்த செம்மண் களம், சுவரில் அனுமன், மூலையில் கதாயுதம். உடையார் மன்னர்களின் ஆதரவில் தழைத்த இக்கூடங்களை நகரம் இன்று பெரும்பாலும் தசரா நாட்களில்தான் நினைக்கிறது. மரபு அழிகிறதே என்று புலம்புவது எளிது. என் கேள்வி வேறு: மல்லர் கூடம் ஏன் ஊர்ப்பொதுவான விளையாட்டுக் கழகமாக வளரவில்லை?

ஒப்புநோக்க ஐஸ்லாந்து உதவும். அங்கும் தொன்மையான மல்யுத்தம் ஒன்று உண்டு; அதன் பெயர் கிளீமா. 1906-இல் ஆகுரேரி நகரில் முதல் இளையோர் சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர் யோஹன்னஸ் யோசெப்சன் என்னும் கிளீமா வீரர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அக்கலையை உலகுக்குக் காட்டியவரும் அவரே. உடற்பயிற்சியோடு தாய்மொழி பேணுதலும் மரம் நடுதலும் அவ்வியக்கத்தின் பணிகளாயின. 1907-இல் சௌதார்குரோகுர் என்ற சிற்றூரில் தின்தாஸ்தோல் சங்கம் பிறந்தது. ஏறத்தாழ 2,600 பேர் வாழும் அவ்வூரில் கால்பந்து, கூடைப்பந்து, தடகளம், பனிச்சறுக்கு அனைத்தும் அந்த ஒரு பெயரின் கீழ் நடக்கின்றன. அதன் மகளிர் கால்பந்து அணி 2021-இல் நாட்டின் முதல்நிலைப் பிரிவில் ஆடியது. ஆடவர் கூடைப்பந்து அணி 2023-இல் முதன்முறையாகத் தேசிய வாகை சூடியது.

சங்கத்தைக் குறிக்கும் ஐஸ்லாந்துச் சொல் ‘ஃபியேலக்’. உடைமையை ஒன்றாக இடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். நம் ‘கழகம்’ திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடம். இன்று அதே சொல் பல்கலைக்கழகத்தைத் தாங்கி நிற்கிறது. சொல்லின் பொருள் இவ்வளவு விரியுமெனில் கூடத்தின் வாயில் ஏன் விரியக் கூடாது?

என் கணிப்பில் வேறுபாடு உடைமையில் உள்ளது. அங்கே சங்கம் உறுப்பினர்களுடையது. இங்கே கரடி மனை அரசரின் கொடையையும் ஆசானின் வழிமரபையும் நம்பி நின்றது; கொடை வற்றியபோது தாங்க ஊர் இல்லை. ஊரின் பாதிக்கு, அதாவது என்னைப் போன்ற பெண்களுக்கு, மரபுப்படி அக்களத்தில் இடமே இருந்ததில்லை. பெண்கள் நுழைந்தால் களத்தின் தூய்மை கெடும் என்பார் உளர். ஆனால் தசரா மல்யுத்தத்தில் இன்று மகளிர் போட்டிகளும் நடக்கின்றன. விழா மேடையில் கைதட்டி வரவேற்கும் பெண்ணை, அன்றாடப் பயிற்சிக்கு மட்டும் வாயிலில் நிறுத்துவது எவ்வகை அறம்?

மரபைக் காப்பது என்றால் கூடத்தைக் காட்சிப்பொருளாக்குவது அன்று. அதற்கு உரியவர்களைப் பெருக்குவது. மொழியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூத்த ஆசான்கள் இருக்கும்போதே மற்போர்ப் பிடிகளின் பெயர்களைப் பதிவு செய்யுங்கள். ஆனால் அகராதியில் மட்டும் வாழும் களம் யாருக்கும் பயன்படாது. அதில் கால் பதிக்க அடுத்த தலைமுறைச் சிறுமியும் வேண்டும்.