ஜெனீவா நடராஜரும் இந்தூர் ஜாக்கியும்

பிரதோஷம் வந்தால் போதும், ஜெனீவா நடராஜர் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. சிவதாண்டவமே அணுவின் ஆட்டம் என்று வெள்ளைக்காரன் ஒப்புக்கொண்டு செர்ன் ஆய்வுக்கூடத்தில் சிலை வைத்திருக்கிறானாம். எங்கள் கிரிவலக் குழுவில் போன மாதம் மட்டும் நான்கு முறை வந்தது.

சிலை இருப்பது உண்மை. இரண்டு மீட்டர் உயரம்; 2004 ஜூன் 18 அன்று திறந்தார்கள். ஆனால் கொடுத்தது இந்திய அரசு. முப்பது வருடம் பதிவேடு எழுதியவன் சொல்கிறேன், இது அன்பளிப்புக் கணக்கில் வரவேண்டியது. அருகே உள்ள பலகையில் காப்ரா என்பவர் தாண்டவத்தையும் துகள்களின் ஆட்டத்தையும் ஒப்பிட்டு எழுதியது இருக்கிறது. ஒப்பிடுவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு.

பெருமைப்பட வேண்டியது வேறு கணக்கில் இருக்கிறது. பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையம், பெரும்பகுதி பிரான்சு மண்ணில். (செர்ன் என்பதே பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். பிரெஞ்சில் படித்த எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.) புரோட்டான்களை மோதவிடும் அந்த வளையத்தின் முக்கியக் காந்தம் ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன் எடை. அப்படி 1,232 காந்தங்கள். காந்தங்களைத் தாங்கி, தலைமுடிப் பருமன்கூடப் பிசகாமல் நிறுத்தும் ஜாக்கிகள் சுமார் 7,000. இந்தூர் விஞ்ஞானிகள் வடிவமைத்து, நம் தொழிற்சாலைகள் செய்து அனுப்பியவை.

அங்கே குவார்க் எனும் நுண்துகள்களை ஆராய்கிறார்கள். அவற்றில் ஆறு வகை. வகையைச் 'சுவை' என்பார்கள், பிரெஞ்சில் சவேர். அறுசுவை நாம் அறிந்ததுதானே என்று அடுத்த ஃபார்வர்டு கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: கெல்மானும் ஃப்ரிட்ஷும் அமெரிக்காவில் ஒரு ஐஸ்கிரீம் கடையைப் பார்த்து வைத்த பெயர் அது!

2025-ல் எல்எச்சிபி குழு ஒன்றைக் கண்டு சொன்னது. புரோட்டானுக்கு உறவான, 'பியூட்டி' குவார்க் உள்ள ஒரு கனத்த துகளும் அதன் எதிர்த்துகளும் ஒரே விதமாகச் சிதைவதில்லை. வித்தியாசம் சுமார் 2.5 சதவீதம். அந்தக் குடும்பத்தில் இப்படிக் கண்டது இதுவே முதல்முறை. ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாக இருந்தும் பொருள் மட்டும் மிஞ்சியது எப்படி? அந்தக் கேள்விக்கு இது ஒரு நூல்முனை. விடை இன்னும் கிடைக்கவில்லை.

எல்லாம் நமக்கு முன்பே தெரியும் என்று கேட்டு வளரும் பேரன் அந்த விடையைத் தேடி எதற்குக் கணக்குப் போடுவான்? என் கவலை அதுதான். குழுவில் இதைச் சொன்னேன். நீங்கள் நாத்திகரா என்று கேட்டார் ஒருவர். தீபத்தன்று மலையைப் பார்த்துக் கைகூப்பாமல் ஒரு வருடமும் இருந்ததில்லை நான்.

நடராஜர் படத்தைத் தாராளமாக அனுப்புங்கள். கூடவே ஜாக்கி படம் ஒன்றும் வரட்டும். எனக்கு இதுவரை யாரும் அனுப்பவில்லை.