குறைச் சட்டமும் நெடுங்காத்திருப்பும்

நல்லதொரு நோக்கத்துக்காக ஒன்றுகூடிப் பாடுபடுவோரிடையே காலந்தோறும் எழும் வழக்கொன்று உண்டு. கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்றால் அதைப் பெற்றுக்கொள்வதா, முழுவதும் கிடைக்கும் நாள்வரை கை நீட்டாமல் நிற்பதா என்பதே அது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை முன்னிட்டு 2009ஆம் ஆண்டின் இறுதியிலும் 2010இன் தொடக்கத்திலும் நடந்த வாதம் இவ்வழக்கின் தெளிவான எடுத்துக்காட்டாகும். அச்சட்டம் நிறைவேறிப் பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், அன்று அதை ஏற்றிருக்கலாகாது, விட்டுக்கொடாமல் நின்றிருந்தால் முழு நன்மையும் வந்திருக்கும் என்று இன்றும் கூறுவோர் உளர். அவர்கள் தீய நோக்கினர் அல்லர். எளியவர்மீது பரிவு கொண்டவர்களே. அதனாலேயே அவர்களுக்கு மறுமொழி கூறவேண்டியது கடமையாகிறது. பகைவனின் எதிர்ப்பு நல்ல காரியத்தைத் தாமதப்படுத்தலாம்; நண்பனின் பிடிவாதமோ அதைக் கருவிலேயே அழித்துவிடும்.

முதலில் வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். அந்நாட்டில் 65 வயது கடந்தோருக்கு மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு உண்டு. வறியோரில் ஒரு சாராருக்கு மெடிகெய்ட் உண்டு. ஏனையோரில் பெரும்பாலோர் தம் முதலாளி செய்துதரும் காப்பீட்டை நம்பி வாழ்பவர்கள். இம்மூன்றிலும் அடங்காதவர் நிலை என்ன? சிறு கடைகளில் பணிபுரிவோர், வேலை இழந்தோர், சொந்தத் தொழில் செய்வோர் ஆகியோர் தனியார் நிறுவனங்களின் வாயிலில் நிற்கவேண்டும். முன்னமே நோயுற்றவர் என்றால் அங்கும் கதவு சாத்தப்படும். 2010இல் இவ்வாறு காப்பீடின்றி இருந்தோர் ஏறத்தாழ 5 கோடிப் பேர்.

இந்நிலையை மாற்ற அதிபர் ஒபாமாவின் காலத்தில் வந்த மசோதா குறையற்றதன்று. தனியார் நிறுவனங்களோடு போட்டியிட அரசே ஒரு காப்பீட்டை நடத்தும் என்னும் பிரிவு, பிரதிநிதிகள் சபை 2009 நவம்பரில் நிறைவேற்றிய மசோதாவில் இருந்தது. செனட் சபையில் எதிர்ப்பை முறியடிக்க 60 வாக்குகள் தேவைப்பட்டன. ஜோ லீபர்மன் போன்ற ஓரிருவரின் மறுப்பினால் அப்பிரிவு வெட்டப்பட்டது. 55 வயதானோர் பணம் செலுத்தி மெடிகேரில் சேரலாம் என்ற மாற்று ஏற்பாடும் கைவிடப்பட்டது. எஞ்சியதோ, குடிமக்கள் தனியார் நிறுவனங்களிடம் காப்பீடு வாங்கியே ஆகவேண்டும், வாங்காதோர் அபராதம் செலுத்தவேண்டும் என்ற கட்டளை. உரிய ஆவணமின்றிக் குடியேறியோர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தும் புதிய சந்தையில் காப்பீடு வாங்க இயலாது என்ற இரக்கமற்ற விதியும் இருந்தது.

இதைக் கண்டு மனம் வெதும்பினோர் பலர். தாமே ஒரு மருத்துவரும் வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநருமான ஹோவர்ட் டீன், செனட் மசோதாவை வீழ்த்திவிட்டு மீண்டும் தொடங்குங்கள் என்றார். தனியார் நிறுவனங்களுக்குக் கோடிக்கணக்கான வாடிக்கையாளரை அரசே பிடித்துத் தருவதா என்பது அவர்கள் கேள்வி. பாதி நன்மை கிடைத்துவிட்டால் மக்களின் கோபம் தணிந்துவிடும், பின்னர் முழு நன்மைக்கு எவரும் குரல் எழுப்பமாட்டார் என்பது அவர்கள் அச்சம்.

கேட்பதற்கு இனிக்கும் வாதம்தான். ஆனால், காத்திருப்பவருக்குக் காலம் கைகட்டி நிற்கும் என்ற நம்பிக்கையின்மீதல்லவா இது கட்டப்பட்டிருக்கிறது? அந்நம்பிக்கையை அந்நாட்டின் வரலாறே ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டது.

1974 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். முதலாளிகள் தம் ஊழியர்க்குக் காப்பீடு தரவேண்டும். அதில் அடங்காதோரை அரசு ஏற்பாடு செய்யும் காப்பீட்டில் சேர்க்கவேண்டும் என்பது அதன் சாரம். நாடு முழுமைக்கும் ஒரே அரசுக் காப்பீடு வேண்டும் என்று வாதாடிவந்த செனட்டர் எட்வர்ட் கென்னடி அவ்வாண்டு ஏப்ரலில், வில்பர் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு நடுவழியைக் காட்டினார். தொழிற்சங்கத் தலைவர்கள் அதை ஏற்கவில்லை. நவம்பர்த் தேர்தல் வரட்டும், நமக்கு உகந்த காங்கிரஸ் அமையும், அப்போது முழுவதையும் பெறுவோம் என்று காத்திருந்தனர். அவர்கள் எதிர்பார்த்தவாறே தேர்தலும் வந்தது. ஜனநாயகக் கட்சி பெருவெற்றியும் பெற்றது. ஆனால் சட்டம் மட்டும் வரவில்லை. இதற்கிடையே ஆகஸ்ட்டில் நிக்சன் பதவி விலகியிருந்தார்; விலைவாசி ஏற்றமும் பொருளாதார நலிவும் நாட்டின் கவனத்தைக் கவர்ந்துகொண்டன. 1993இல் கிளிண்டன் கொணர்ந்த திட்டமும் அடுத்த ஆண்டே வாக்கெடுப்புக்கு வராமல் மடிந்தது. 1974க்கும் 2010க்கும் இடையே 36 ஆண்டுகள்! மரத்திலுள்ள பலாவை நம்பிக் கையிலுள்ள களாவை எறிந்த கதைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2010இலும் அதே பொறி காத்திருந்தது. ஜனவரியில் மாசசூசெட்ஸில் நடந்த இடைத்தேர்தலில், மறைந்த கென்னடியின் இடத்தையே குடியரசுக் கட்சி கைப்பற்ற, செனட்டின் 60ஆம் வாக்கு பறிபோயிற்று. அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் பிரதிநிதிகள் சபையும் பறிபோயிற்று. மார்ச் 21ஆம் நாள் 219க்கு 212 என்ற கணக்கில் அம்மசோதா நிறைவேறாதிருந்தால், மீண்டும் தொடங்குவோம் என்றவர்கள் எங்கிருந்து, எவரைக் கொண்டு தொடங்கியிருப்பார்கள்? முழு அரசுக் காப்பீட்டுக்காகவே வாதாடியவரும், நவம்பரில் எதிர்த்து வாக்களித்தவருமான டெனிஸ் குசினிச், மார்ச்சில் ஆதரித்து வாக்களித்தார். அவர் தம் கொள்கையைக் கைவிட்டார் என்று ஏசியோர் உண்டு. கொள்கை இன்னாருக்காக என்பதை அவர் நினைவிற் கொண்டார் என்பதே எம் கருத்து.

இனி, பாதி நன்மை முழு நன்மையின் பகை என்னும் அச்சத்தை ஆராய்வோம். ரூஸ்வெல்ட் காலத்தில் 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டுப் பணியாளருக்கும் இடமில்லை. தென் மாநிலக் கறுப்பின உழைப்பாளரில் பெரும்பாலோர் இவ்விரு பிரிவினரே. இதைவிடப் பெரிய குறை எச்சட்டத்தில் உண்டு? எனினும் 1939இல் விதவைகளும் குழந்தைகளும், 1950இலும் 1954இலும் அவ்வுழைப்பாளரும், 1956இல் உடல் ஊனமுற்றோரும் அதே சட்டத்துள் சேர்க்கப்பட்டனர். 1965இல் பிறந்த மெடிகேரிலும் வீட்டில் உண்ணும் மருந்துகளுக்கு இடமிருக்கவில்லை. 2003இல் இயற்றிய சட்டத்தால் 2006 முதல் அதுவும் கிடைத்தது. நிற்கும் வீட்டுக்கு அறை சேர்ப்பது எளிது. வரைபடத்தில் மட்டும் இருக்கும் மாளிகையில் எவரும் குடியிருக்க இயலாது.

மேலும், ஒரு நன்மையை நுகர்ந்தவர் அதன் காவலராகிவிடுகின்றனர். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, 2016இல் காப்பீடற்றோர் தொகை 3 கோடிக்கும் குறைந்தது. நோயைக் காட்டிக் காப்பீடு மறுக்கும் கொடுமை நீங்கியது. பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்க வழி பிறந்தது. 2017இல் அச்சட்டத்தை ஒழிக்க ஆளுங்கட்சி முனைந்தபோது, சக்கர நாற்காலியில் அமர்ந்த ஊனமுற்றோரே காங்கிரஸ் அலுவலகங்களின் முன் மறியல் செய்தனர். ஜூலை 28ஆம் நாள் பின்னிரவில் செனட்டர் மெக்கெய்னும் தம் கட்சியைச் சார்ந்த இரு பெண் உறுப்பினர்களும் எதிர்த்து வாக்களிக்க, அம்முயற்சி 49க்கு 51 என்று தோற்றது. மக்களின் கோபம் தணிந்துவிடும் என்றார்களே. அது தணியவில்லை, காக்கவேண்டிய பொருள் கிடைத்ததால் கூர்மை பெற்றது.

எல்லாரினும் பலர் வெறுத்த அபராதக் கட்டளை என்னவாயிற்று? 2017 டிசம்பரில் இயற்றிய வரிச்சட்டம் அதைச் சுழியாக்கிற்று. 2019 முதல் அபராதம் இல்லை. சட்டமோ நிலைத்தது. முள் உதிர்ந்தது, மரம் நின்றது.

எனவே எத்தகைய குறைச் சட்டத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாம் என்பதா? அன்று. 1988இல் மெடிகேரை விரிவாக்கி ஒரு சட்டம் வந்தது. அதன் செலவு முழுவதையும் முதியோரே சுமக்கவேண்டும் என்றும், நன்மைகளில் பல பின்னர்ப் படிப்படியாக வரும் என்றும் அது கூறிற்று. சினமுற்ற முதியோர் 1989 ஆகஸ்ட்டில் சிகாகோவில் காங்கிரஸ் தலைவர் ஒருவரின் காரைச் சூழ்ந்து மறித்தனர். அவ்வாண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. சுமையை முன்னும் பயனைப் பின்னும் வைக்கும் சட்டத்துக்குக் காவலர் பிறப்பதில்லை என்பது இதன் பாடம்.

காலக்கெடு வைத்த சலுகையும் அத்தகையதே. காப்பீட்டுக் கட்டணத்துக்கு அரசு தரும் உதவியை 2021இல் உயர்த்தியோர், அதற்கு முடிவு நாளும் குறித்தனர். பின்னர் 2025 இறுதிவரை நீட்டினர். அந்நாள் நெருங்கியபோது அதை முன்னிட்டு எழுந்த பூசலில் அரசு அலுவலகங்கள் 43 நாள்கள் முடங்கின. கெடுவும் நீட்டிக்கப்படாமலே கழிந்தது. முடிவு நாள் எழுதப்படாத பிரிவுகளோ அன்றும் நின்றன.

ஆகவே ஒரு குறைச் சட்டத்தைக் கண்டால் கேட்கவேண்டியவை மூன்று. இன்று துன்புறுவோர்க்கு இது இன்றே ஏதேனும் தருகிறதா? தந்தது தானாகக் காலாவதியாகாமல் நிற்குமா? நாளை திருத்துவதற்குக் கதவு திறந்திருக்கிறதா? ஆம் எனில், ஏற்பதே அறம்.

ஏற்ற மறுநாளே திருத்தப் புறப்படுவதும் அறம்தான். 2012இல் உச்ச நீதிமன்றம், மெடிகெய்ட்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. அதனால் டெக்சாஸ் முதலிய மாநிலங்களில் வறியோர் பலர், உதவித்தொகைக்கும் தகுதியின்றி மெடிகெய்ட்டும் இன்றி நடுவில் விடப்பட்டனர். ஆயினும் ஒவ்வொரு மாநிலமாகப் போராடி, 2023 முடிவுக்குள் 40 மாநிலங்களை இணங்கச் செய்தனர். எஞ்சியவற்றில் போராட்டம் முடியவில்லை. சட்டமே இல்லாதிருந்தால் அப்போராட்டத்துக்குக் களமே இல்லை.

முழுமைக்காகக் காத்திருப்போம் என்று முழங்கும் தலைவருக்குப் பெரும்பாலும் காப்பீடு இருக்கிறது. காத்திருப்பவர், மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் நோயாளி. அவருடைய நாள்கள் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைச் செலவிட்டுத் தம் கொள்கையின் தூய்மையை வாங்கிக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை.