மண் முகத்தில் அடிக்கும்போது

அமெரிக்காவின் தலையாய பந்தயங்களான கென்டக்கி டெர்பியும் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கும் ஏறத்தாழ 2,000 மீட்டர் தூரம் மண்தளத்தில் ஓடப்படுபவை; மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்து, மேற்பரப்பைக் கிளறிப் பொலபொலவென்று வைத்திருக்கும் அந்தத் தளம் தமிழ்நாட்டுப் பந்தய ரசிகருக்குப் பழக்கமில்லாதது. கிண்டியிலும், 2024 ஜூனில் அரசு நிலத்தை மீட்கும்வரை கோடைதோறும் உதகையிலும் குதிரைகள் ஓடியது புல்தரையில்; மணல்தளம் காலைப் பயிற்சிக்கே உரியதாக இருந்தது. ஆகவே வெளிநாட்டுக் குதிரை ஒன்று கென்டக்கிக்குப் போகிறது என்றதும், அது எத்தனை பந்தயம் வென்றது, எவ்வளவு இடைவெளியில் வென்றது என்று கணக்குப் பார்ப்பது இங்கே இயல்பாகிவிடுகிறது. அந்தக் கணக்கு பலமுறை பொய்த்திருக்கிறது.

காரணம் கொங்கு நாட்டாருக்கு எளிதில் விளங்கக்கூடியது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளா பந்தயங்களில் பெரும்பாலும் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு, 200 அல்லது 300 மீட்டரை எத்தனை விநாடியில் கடந்தன என்று கணக்கிட்டுப் பரிசு தருவார்கள். எனவே காங்கேயம் காளைக்கு எதிரே இருப்பது வெறும் தடமும் நேரமும்தான், முன்னால் ஓடும் வண்டி கிளப்பும் புழுதியை அது தின்ன வேண்டியதில்லை. அமெரிக்க மண்தளத்திலோ முன்னே ஓடும் குதிரைகளின் குளம்புகள் வாரியிறைக்கும் மண் பின்னால் வருவனவற்றின் கண்ணிலும் மூக்கிலும் மார்பிலும் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஜாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கண்ணாடிகளை அணிந்து, மண் அப்பியதைக் கழற்றிக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டே ஓட்டுவது இதனால்தான். குதிரைக்கு அந்த வசதி இல்லை. பழகாத குதிரை தலையைத் தூக்கும், விலகி ஓடப் பார்க்கும், ஓட்டத்தின் மீதுள்ள விருப்பத்தையே இழந்துவிடும்.

2018-இல் அயர்லாந்துப் பயிற்சியாளர் எய்டன் ஓபிரையனின் மெண்டல்சன் என்ற குதிரை துபாயில் யூ.ஏ.இ. டெர்பியை 18½ உடல் நீள வித்தியாசத்தில் வென்றது. அமெரிக்க மண்தளத்துக்கு ஏற்ற வம்சம், 30 லட்சம் டாலர் விலை, முந்தைய ஆண்டே அமெரிக்கப் புல்தரையில் பெற்ற பிரீடர்ஸ் கப் வெற்றி என எல்லாமே அதற்குச் சாதகமாகத் தெரிந்தன. துபாயில் அது முன்னணியில் ஓடியதால் ஒரு பிடி மண்கூட முகத்தில் படவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. கென்டக்கியில் மழைச் சேற்றில், புறப்படும்போதே இடிபட்டுக் கூட்டத்துக்குள் சிக்கிய அந்தக் குதிரை 20 குதிரைகளில் கடைசியாக வந்தது. அதற்காக அதைப் போலி என்று ஒதுக்குவது நியாயமன்று. அதே ஆண்டு கோடையில் டிராவர்ஸ் பந்தயத்தில் அது இரண்டாவதாக வந்தது, அதாவது பழகப் பழகத் தேறியது.

தொடக்க வேகம் அடுத்த தடை. ஐரோப்பியப் புல்தரைப் பந்தயங்கள் பெரும்பாலும் நிதானமாகத் தொடங்கிக் கடைசி நேர்த்தளத்தில் சூடுபிடிக்கும். அமெரிக்காவில் கதவு திறந்த நொடியிலேயே பாய்ச்சல் தொடங்கிவிடும். 2022 கென்டக்கி டெர்பியின் முதல் கால் மைல் 21.78 விநாடியில் முடிந்தது. அந்த வேகத்தோடு ஒட்டி ஓடிய ஜப்பானின் கிரௌன் பிரைட் 13-ஆம் இடத்துக்குச் சரிந்தது. விமானப் பயணம், இறங்கியதும் குறைந்தது 42 மணி நேரத் தனிமைப்படுத்தல் ஆகியவையும் உண்டு என்றாலும், நல்ல பயிற்சியாளர்கள் அவற்றை இன்று பெரிதும் சமாளித்துவிடுகிறார்கள்.

யோஷிடோ யஹாகி பயிற்றுவித்த ஜப்பானியக் குதிரை ஃபாரெவர் யங்கையும், மண்ணைத் தாங்குமா, தொடக்க வேகத்துக்கு ஈடுகொடுக்குமா என்று பார்த்தே மதிப்பிட்டிருக்க வேண்டும். அதன் தாய் அமெரிக்காவில் ஓடி வென்றது. ஆயினும் வம்சத்தைவிட வலுவான சான்று, அந்தக் குதிரை சவூதியிலும் துபாயிலும் பிற குதிரைகளுக்குப் பின்னாலிருந்து மண்ணைத் தாங்கி வந்து முந்தியதுதான். 2024 கென்டக்கி டெர்பியில் கூட்டத்தின் நடுவிலிருந்து வந்து, சியரா லியோன் என்ற குதிரையோடு உரசியபடி ஓடி, வென்ற மிஸ்டிக் டானுக்கு இரண்டு மூக்கு இடைவெளியில் மூன்றாவதாக முடித்தபோது, அது தோற்ற குதிரை என்று பேசப்பட்டது. உண்மையில் வெளிநாட்டுக் குதிரை எதுவும் எழுதக்கூடிய தேர்வுகளிலேயே கடினமானதில் அது தேறியிருந்தது. அவ்வாண்டு பிரீடர்ஸ் கப் கிளாசிக்கிலும் மூன்றாம் இடம். 2025 நவம்பர் 1 அன்று கலிஃபோர்னியாவின் டெல் மாரில் அதே பந்தயத்தில் ரியூசெய் சகாய் ஓட்ட, முன்வரிசையிலேயே ஓடி, துரத்தி வந்த சியரா லியோனை அரை நீளத்தில் வென்று, அதைக் கைப்பற்றிய முதல் ஜப்பானியக் குதிரையாயிற்று.

கென்டக்கி டெர்பி மட்டும் ஜப்பானுக்கு இன்னும் எட்டவில்லை. மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டுமே உரிய அந்தப் பந்தயத்தில் 20 குதிரைகள் வரை ஒரே நேரத்தில் புறப்படுவதால், முதல் வளைவுக்குள் நல்ல இடம் பிடிக்காத குதிரை நெருக்கடியிலும் மண்ணிலும் மாட்டிக்கொள்கிறது. ஆகவே வரும் மே மாதத்தில் ஜப்பானிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒரு குதிரை அங்கே போனால், பத்து நீளத்தில் தனியாக ஓடி வென்ற பந்தயத்தைவிட, கதவிலிருந்து சுறுசுறுப்பாகப் புறப்பட்டு, இரு குதிரைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டு, மண்ணில் முகம் கருத்து, அரைத் தலை இடைவெளியில் வென்ற பந்தயம் ஏதும் அதன் கணக்கில் உண்டா என்பதையே முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.