எழுத்தை அழிக்காதீர்கள்!

அத்திப்பட்டில் ஒரு வீட்டில் பரணைச் சுத்தம் செய்கிறார்கள். பழைய டிரங்குப் பெட்டிக்குள் ஒரு கத்தி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டாளத்துக்குப் போன கொள்ளுத் தாத்தா கொண்டுவந்தது. ஒரே துரு! உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்கிறார்கள். பிறகு காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. தேய்த்தது முதல் தவறு. எடைக்குப் போட்டது இரண்டாவது தவறு.

முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் ஜெர்மானியரோடு மோதினார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைத் தாக்கிய படையில், பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய ரெஜிமென்டும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் நம்மவர்கள் ஜெர்மானியரை எதிர்த்து நின்றார்கள். போர்க்களத்தில் கிடைத்ததை நினைவுப் பொருளாகக் கொண்டுவருவது சிப்பாய்களின் வழக்கம். ஆகவே, பரணில் இருப்பது ஜெர்மன் கத்தியாகவும் இருக்கலாம்.

முத்திரை பேசும்

ஆயுதங்களில் முத்திரை குத்த ஜெர்மன் பட்டாளம் விதி வைத்திருந்தது. 1909-ல் அதற்குத் தனிப் புத்தகமே வெளியிட்டது. துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியை எடுத்துக்கொள்வோம். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குக் கட்டையைப் பாருங்கள். "55. ஆர். 2. 45" என்பது போல ஆங்கில எழுத்தில் இருக்கலாம். 55 என்பது ரெஜிமென்டின் எண். 'ஆர்' என்றால் காலாட்படை. 2 என்பது கம்பெனி. 45 என்பது அந்த ஆயுதத்தின் எண். அலகின் முதுகில் கிரீடமும், 'டபிள்யூ' எழுத்தும், 15 என்ற எண்ணும் இருந்தால், கெய்சர் வில்லியம் காலத்தில், 1915-ல் ஏற்கப்பட்டது என்று பொருள்.

சேகரிப்பவர்கள் இந்த எழுத்துக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். உறையிலும் கத்தியிலும் ஒரே எண் இருந்தால் மதிப்பு கூடும். எழுத்து தேய்ந்துவிட்டால் மதிப்பு குறையும்.

போலி உஷார்!

பணம் இருக்கும் இடத்தில் மோசடியும் இருக்கும் அல்லவா? 1933-க்குப் பிறகு வந்த நாஜிக் கட்சிக் கத்திகளில் போலிகள் ஏராளம். கத்தியெல்லாம் துருவாக இருந்து, எழுத்தின் பள்ளம் மட்டும் புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். உண்மையான எழுத்து கத்தியோடு சேர்ந்து முதுமை அடைந்திருக்கும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அலகும், 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற அலகும் ஆயுத விதிகளுக்குள் வரும். போலீஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. 100 ஆண்டு கடந்த பொருள் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகலாம். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

எம்டன் சொல்லும் பாடம்

"அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். 22-9-1914 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. உயிர்களும் பலியாயின. குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு ஐகோர்ட்டுச் சுவரில் இருக்கிறது. அந்தக் கல்வெட்டு இல்லாவிட்டால் அது வெறும் சுவர்தான். எழுத்து இருப்பதால் அது சரித்திரம்!

கத்தியும் அப்படியே. அதை ஏந்தியவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. அதைக் கொண்டுவந்தவரும் நம் வீட்டுப் பெரியவர். கொலைக் கருவி என்று பெருமை பேச வேண்டியதில்லை. ஆனால், இரண்டு மனிதர்களின் கதையை உப்புத்தாளால் அழிக்கலாமா?

துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். எழுத்தைப் படம் எடுத்து வையுங்கள். தாத்தா சொன்னதை ஒரு தாளில் எழுதி, கத்தியோடு சேர்த்து வையுங்கள். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் விவரம் கேட்டாலும் தவறில்லை.

இரும்புக்கு எடைதான் விலை. எழுத்துள்ள இரும்புக்கு வரலாறுதான் விலை!